டிவாவில் ஃபென்டனிலா, ரெமிஃபென்டனிலா? கார்டிசோல் ஏறாமல் எது பார்த்துக்கொள்ளும்?

#1 சிரைவழி_மாணவி

வணக்கம். மயக்கவியல் இரண்டாம் ஆண்டு பிஜி. தீசிஸ் தலைப்பு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுக்கும் நோயாளிகள், எல்லோருக்கும் புரோபோஃபால் வைத்து டிவா, அதாவது மயக்க வாயு இல்லாமல் சிரை வழியாகவே முழு மயக்கம். வலியை அடக்கும் ஓப்பியாய்டாக ஒரு குழுவுக்கு ஃபென்டனில், மற்றதற்கு ரெமிஃபென்டனில். ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிசோலும் சர்க்கரையும் அளந்து, எந்த மருந்து அறுவைக்கு உடல் காட்டும் ஸ்ட்ரெஸ் ரெஸ்பான்ஸை நன்றாக அடக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

துறையில் இரண்டு கட்சி இருக்கிறது. பல்ஸும் பிபியும் ஏறாவிட்டால் ஸ்ட்ரெஸ் அடங்கிவிட்டது, ஹார்மோன் பார்ப்பது வீண் செலவு என்கிறது ஒன்று. எந்த ஓப்பியாய்டு கொடுத்தாலும் கார்டிசோல் ஏறத்தான் செய்யும், அதனால் தலைப்பையே மாற்று என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டுமே முழுதாகச் சரியென்று படவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். ரத்தம் எப்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

#2 வைகைக்கரை

நல்ல தலைப்பு, மாற்றாதீர்கள். முதல் கட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கத்தி பட்டதும் வலிச் செய்தி தண்டுவடம் வழியாக ஹைப்போதாலமஸுக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு பாதை பிரிகிறது. ஒன்று சிம்பதெடிக் நரம்பு வழி. அட்ரினலின், நார் அட்ரினலின் சில நொடிகளில் ரத்தத்துக்கு வந்துவிடும். மானிட்டரில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று பிட்யூட்டரி வழி. ஏசிடிஎச் சுரந்து, அது அட்ரினல் புறணியைத் தூண்டி, கார்டிசோல் மெதுவாக ஏறும். பெரிய அறுவையில் லிட்டருக்கு 400 நானோமோல் அளவில் தொடங்கி 1500க்கு மேல் போகும், உச்சத்தைத் தொட 4 முதல் 6 மணி நேரம் ஆகும். இதயத் துடிப்பைக் குறைக்கும் எஸ்மோலால் கொடுத்தால் பல்ஸ் அழகாக 70இல் நிற்கும். கார்டிசோலுக்கு அந்தச் சேதியே போயிருக்காது. ஆகவே பல்ஸும் பிபியும் போதும் என்பது பாதி உண்மை.

இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. கிழிபட்ட திசுவிலிருந்தே இன்டர்லூக்கின்-6 மாதிரியான சைட்டோகைன்கள் வருகின்றன. எவ்வளவு திசு சேதமோ அவ்வளவு வரும். ஓப்பியாய்டுக்கு அங்கே பெரிய செல்வாக்கு கிடையாது. லேப்ராஸ்கோப்பியில் காயம் சிறியது, அதனால் ஐஎல்-6 குறைகிறது. ஆனால் கார்டிசோல், கேட்டகோலமீன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவதே கேட்டகோலமீனையும் வாசோபிரெஸினையும் கிளப்பிவிடும். உங்கள் தீசிஸில் அது முக்கியம்.

இரண்டாவது கட்சிக்கு 1970களிலேயே பதில் வந்துவிட்டது. மார்ஃபினை அதிக அளவில் கொடுத்தால் அறுவையின்போது கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறுவதில்லை என்று 1974இல் ஒரு ஆய்வு காட்டியது. பிறகு ஃபென்டனிலில் பார்த்தார்கள். இடுப்புக்குழி அறுவையில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் கொடுத்தால் கார்டிசோல், சர்க்கரை எல்லாம் அடங்கின. மேல்வயிறு என்றால் 100 வரை போக வேண்டியிருந்தது.

நாம் கொடுப்பது 2 அல்லது 3. அறுபது கிலோ ஆளுக்கு 50 மைக்ரோகிராம் கணக்கில் 3 மில்லிகிராம், அதாவது நம் 2 மில்லி ஆம்பியூல் முப்பது. கேஸ் முடிந்து பல மணி நேரம் அந்த நோயாளி தானாக மூச்சு விடமாட்டார். பித்தப்பைக்காக யாரையும் வென்டிலேட்டரில் போட்டுவைக்க முடியாது. ஓப்பியாய்டால் கார்டிசோலை அடக்க முடியும், தினசரி அளவில் முடியாது என்பதுதான் சரியான வாக்கியம்.

நேரமும் கணக்கில் வரும். அறுவை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து அதே பெரிய டோஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற ஆரம்பித்துவிட்ட ஹார்மோன் இறங்கவில்லை. கத்தி வைக்கும் முன்பே மருந்து மூளையில் இருக்க வேண்டும்.

#3 வடகடல்_காற்று

இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன், தினமும் டிவாதான். வைகைக்கரை சார் சொன்ன முப்பது ஆம்பியூல் சிக்கலைத் தீர்த்துவைத்ததுதான் ரெமிஃபென்டனில்.

1996இல் புழக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு எஸ்டர் பிணைப்பு இருக்கிறது. ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள சாதாரண எஸ்டரேஸ் நொதிகளே உடைத்துவிடும், கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரம் ஓட்டினாலும் எட்டு மணி நேரம் ஓட்டினாலும், நிறுத்திய 3, 4 நிமிடத்தில் அளவு பாதியாகிவிடும். ஃபென்டனிலை எட்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் அதே பாதிக்கு 5 மணி நேரம்கூட ஆகலாம், கொழுப்பிலும் தசையிலும் போய் உட்கார்ந்துகொள்வதால். நாலு மணி நேர இன்ஃபியூஷனுக்குப் பிறகு சூஃபென்டனிலுக்கு அரை மணி, ஆல்ஃபென்டனிலுக்கு ஒரு மணி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த நாலுமே ஒரே மியூ ரிசெப்டாரில்தான் வேலை செய்கின்றன. சமமான வீரியத்துக்கு அளவைச் சரிசெய்துவிட்டால், ஹைப்போதாலமஸுக்கு எது வந்திருக்கிறது என்று தெரியப்போவதில்லை. அங்கே எவ்வளவு இருக்கிறது, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ரெமிஃபென்டனிலில், ரத்த அளவைக் கணக்கிடும் மின்டோ மாடலை வைத்து, குறித்த அளவுக்கு மருந்தைத் தானே செலுத்தும் டிசிஐ பம்பில் மில்லிக்கு 4, 5 நானோகிராம் என்று அச்சமில்லாமல் பிடித்து நிறுத்தலாம். ஃபென்டனிலைத் தொடக்கத்தில் ஒரே தடவையில் போலஸாகக் கொடுத்தால், கருவிகள் நுழைய வயிற்றில் போர்ட் போடும் நேரத்தில் அது இறங்கிக்கொண்டிருக்கும். இதய அறுவையில் ரெமிஃபென்டனில் இன்ஃபியூஷனையும் விட்டுவிட்டுக் கொடுத்த ஃபென்டனிலையும் ஒப்பிட்டபோது, ஏசிடிஎச்சும் கார்டிசோலும் ரெமிஃபென்டனில் பக்கம் குறைவாக இருந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் பம்பை நிறுத்திப் பத்து நிமிடத்தில் நோயாளியிடம் ஓப்பியாய்டே இல்லை. காயம் அப்படியே இருக்கிறது. கார்டிசோல் உச்சம் 4 முதல் 6 மணி நேரத்தில் என்றால், அப்போது அவர் இருப்பது தியேட்டரிலா வார்டிலா? தியேட்டருக்குள் நாம் சாதித்ததெல்லாம் ரெக்கவரியிலேயே கரைந்துவிடலாம்.

போதாததற்கு ரெமிஃபென்டனிலை அதிகம் ஓட்டினால் பிறகு வலி கூடுவதும் உண்டு. 2000இல் பிரான்ஸில் பெருங்குடல் அறுவை நோயாளிகளிடம் பார்த்தார்கள். நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் வாங்கியவர்களுக்கு முதல் நாள் சுமார் 32 மில்லிகிராம் மார்ஃபின் தேவைப்பட்டது. சராசரி 0.3 ஓடியவர்களுக்கு 59. வலி கூடினால் ஸ்ட்ரெஸும் கூடத்தானே செய்யும்?

#4 சிரைவழி_மாணவி

இருவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. என் வரைவில் மூன்றே மாதிரி: மயக்கத்துக்கு முன், டியூப் போட்டபின், அறுவை முடிவில். அப்படியென்றால் ரெமிஃபென்டனில் ஜெயிக்கும் நேரத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துபோகிறேன் என்றுதானே ஆகிறது?

#5 வடகடல்_காற்று

ஆமாம்.

#6 சோதனைக்குழாய்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். கார்டிசோல் தீசிஸ்கள் நிறைய எங்கள் மேஜைக்கு வருகின்றன. பாதிக்கு மேல் பிரச்சினை மருந்தில் இல்லை, மாதிரியில்.

முதலில் நேரம். கார்டிசோல் காலை 8 மணி வாக்கில் உச்சம், இரவில் அடிமட்டம். ஒருவரை 8 மணிக்கும் இன்னொருவரை மதியம் 2 மணிக்கும் எடுத்தால், அறுவை செய்யாமலே வித்தியாசம் வந்துவிடும். எல்லோரும் பட்டியலில் முதல் கேஸாக இருக்கட்டும்.

டெக்ஸாமெத்தசோனைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆச்சரியம். வாந்திக்காக 4 அல்லது 8 மில்லிகிராம் வழக்கமாகப் போடுகிறீர்கள். அது உடலின் கார்டிசோல் சுரப்பையே அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். நீங்கள் அளக்கும் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் அதுவே இழுத்துவிடும். ஒரு குழுவில் பத்துப் பேருக்குக் கொடுத்து மற்றதில் மூன்று பேருக்குக் கொடுத்தால் தீசிஸ் போச்சு. வாந்திக்கு எல்லோருக்கும் ஆன்டான்செட்ரான் என்று எழுதிவிடுங்கள். குளுக்கோஸ் கலந்த டிஎன்எஸ் பாட்டில் தொங்கினால் சர்க்கரை அளப்பதில் அர்த்தமில்லை, குளுக்கோஸ் இல்லாத ஆர்எல் போதும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கார்டிசோலைச் சுமக்கும் புரதம் அதிகம், அதனால் மொத்தக் கார்டிசோல் அதிகமாகத் தெரியும். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் கேட்டு வையுங்கள். சில வகை இம்யூனோ அஸ்ஸே இயந்திரங்களில் அது கார்டிசோலைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். இன்ஹேலர் உட்பட எந்த ஸ்டீராய்டும் எடுக்காதவராக இருக்க வேண்டும்.

கேட்டகோலமீன் ஆசை இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஓரிரு நிமிடம். ஐஸில் வைத்து, குளிர்விக்கும் சென்ட்ரிஃப்யூஜில் உடனே சுற்ற வேண்டும். கார்டிசோலுக்கு அந்தப் பாடு இல்லை, ஒன்று ஒன்றரை மணி நேர அரை ஆயுள்.

ஒரு சின்ன விஷயம்: நம் ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராமில் தருகின்றன. 27.6ஆல் பெருக்கினால் நானோமோல். வைகைக்கரை சார் சொன்ன 400 என்பது நம் ரிப்போர்ட்டில் 14.5, 1500 என்பது 54 சொச்சம்.

#7 தென்னந்தோப்பு

மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை. கூகுளில் தேடி இங்கே வந்தேன். அம்மாவுக்கு பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுக்குள்தான் இருந்தது. போன மாதம் பித்தப்பை அறுவை முடிந்து வந்தபோது 260 காட்டியது. குளுக்கோஸ் எதுவும் ஏற்றவில்லை என்றார்கள். மயக்க மருந்துதான் சர்க்கரையை ஏற்றியதா?

#8 வைகைக்கரை

மன்னிப்பெல்லாம் எதற்கு, இந்த இழையின் சாரமே உங்கள் கேள்விதான்.

பெரும்பாலும் மயக்க மருந்து காரணமில்லை, வாந்திக்கு டெக்ஸாமெத்தசோன் போட்டிருந்தால் மட்டும் அதற்கும் பங்கு இருக்கலாம். காயம் பட்ட உடல், பட்டினி வரப்போகிறது என்பதுபோல் நடந்துகொள்கிறது. அட்ரினலினும் கார்டிசோலும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை எடுத்து வெளியே விடுகின்றன. தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறைகிறது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கே திறந்த பித்தப்பை அறுவைக்கு மறுநாள் இன்சுலின் உணர்திறன் பாதியாகிவிடும். சரியாக இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே அங்கே கொஞ்சம் பற்றாக்குறை, அதனால் எண் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அறுவை நேரத்தில் 180க்குள் வைக்கப் பார்ப்போம், தேவைப்பட்டால் சில நாள் இன்சுலின் போடுவோம். அதனால் நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது ஒரு மாதம் ஆகிவிட்டதால், இன்னும் இறங்காமல் இருந்தால் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

#9 தென்னந்தோப்பு

இப்போது 150க்குள் வந்துவிட்டது. ரொம்ப நன்றி சார்.

#10 பச்சிளந்தளிர்

குழந்தைகள் இதய மயக்கவியலில் இருக்கிறேன். ஹார்மோன் அளப்பது வீண் செலவு என்று துறையில் சொல்கிறார்களாமே, அவர்களுக்காக இது.

1980களின் நடுவில்கூட, குறைமாதக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, ஓப்பியாய்டு கொடுத்தால்தான் ஆபத்து என்று நம்பி, நைட்ரஸ் ஆக்சைடும் தசை தளர்த்தும் மருந்தும் மட்டும் வைத்து மார்பைத் திறந்தார்கள். குழந்தை அசையாது, அழாது. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் அமைதி. ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்த், இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டுப் போனவர், தன் குழுவோடு 1987இல் லான்செட்டில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பிறந்தபின்னும் மூடாமல் இருக்கும் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயைக் (பிடிஏ) கட்டும் அறுவைக்கு வந்த குறைமாதக் குழந்தைகள் பதினாறு பேர். பாதிப் பேருக்கு மட்டும் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஃபென்டனில் கூடுதல். அது கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் எகிறின, அறுவைக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். அசையாத அந்தக் குழந்தைகளுக்காகப் பேசியது ஹார்மோன் அறிக்கை ஒன்றுதான். உலகம் முழுவதும் பச்சிளங்குழந்தை மயக்கம் மாறியதற்கு அது பெரிய காரணம். எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

1992இல் அவரும் ஹிக்கியும் இதய அறுவைக்கு வந்த 45 பச்சிளங்குழந்தைகளில் அதிக அளவு சூஃபென்டனிலை ஹாலோதேன்-மார்ஃபினோடு ஒப்பிட்டார்கள். சூஃபென்டனில் வாங்கிய 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, மற்ற 15 பேரில் நாலு பேர் இறந்தார்கள். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001இல் பாஸ்டனில் ஃபென்டனிலை அதிக அளவில் பல விதமாகக் கொடுத்துப் பார்த்தபோது பைபாஸில், அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருக்கும்போது, ஹார்மோன்கள் ஏறத்தான் செய்தன, ஆனாலும் குழந்தைகள் நன்றாகவே தேறினார்கள். ஹார்மோன் ஏறினால் விளைவு மோசம் என்று நேர்க்கோடு போட முடியாது.

#11 ஓப்பியாய்டு_வேண்டாம்

எல்லோரும் எந்த ஓப்பியாய்டு என்றே கேட்கிறீர்கள். ஏன் ஓப்பியாய்டு? டெக்ஸ்மெடிடோமிடின், கீட்டமின், லிக்னோகெயின் இன்ஃபியூஷன் வைத்தே சிம்பதெடிக் பக்கத்தை அடக்கலாம். வாந்தி இல்லை, மூச்சுப் பிரச்சினை இல்லை. மாணவி மூன்றாவது குழுவாக இதையும் சேர்க்கலாமே.

#12 வடகடல்_காற்று

வாந்தி குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சுப் பிரச்சினை இல்லை என்பதை ஏற்க முடியாது. பிரான்ஸில் நடந்த போஃபா ஆய்வு 2021இல் வந்தது. ஒரு பக்கம் ரெமிஃபென்டனில், மறுபக்கம் டெக்ஸ்மெடிடோமிடின். டெக்ஸ்மெடிடோமிடின் பக்கத்தில் ஐந்து பேருக்குக் கடுமையாக இதயத் துடிப்பு குறைந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஆக்சிஜன் குறைவும் டியூப் எடுப்பதில் தாமதமும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். சிறு அளவில் கூடச் சேர்ப்பது வேறு. ஓப்பியாய்டை முற்றாக ஒதுக்குவது கொள்கைப் பிடிவாதமாகிவிடக் கூடாது.

#13 ஓப்பியாய்டு_வேண்டாம்

அந்த ஆய்வில் டெக்ஸ்மெடிடோமிடின் டோஸ் அதிகம் என்பது என் கருத்து. குறைந்த அளவில் எங்கள் அனுபவம் நன்றாகவே இருக்கிறது. சரி, மூன்று குழு வைத்தால் தீசிஸ் முடியாது என்பதை ஏற்கிறேன்.

#14 வைகைக்கரை

கார்டிசோல் குறைந்தால் நல்லது என்ற எண்ணத்தோடு தீசிஸ் எழுதிவிடாதீர்கள், மாணவி. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தின் கதை தெரியும்தானே? ஐசியூவில் தூங்கவைக்க அதை இன்ஃபியூஷனாக ஓட்டினார்கள். விபத்து நோயாளிகள் அதிகமாக இறக்கிறார்கள் என்று 1983இல் கிளாஸ்கோவிலிருந்து லான்செட்டுக்குக் கடிதம் போனது. அட்ரினலில் கார்டிசோல் தயாராகும் கடைசிப் படியில் உள்ள 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸை அது முடக்குகிறது. ரிப்போர்ட்டில் கார்டிசோல் அருமையாகக் குறைந்திருக்கும், நோயாளி பிழைக்காமல் போகலாம். ஓப்பியாய்டு மேலே ஹைப்போதாலமஸில் செய்தியைக் குறைக்கிறது, தேவை வந்தால் சுரப்பி சுரக்கும். எட்டோமிடேட் சுரப்பியையே பூட்டுகிறது. எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு.

உங்கள் கேஸுக்குத் தேவையில்லை என்றாலும், முதுகில் குழாய் வைத்து நரம்புகளை மரக்கச்செய்யும் எபிட்யூரலையும் படித்து வையுங்கள். டி4 முதல் எஸ்5 வரை, அதாவது மார்பிலிருந்து கீழே முழுதாக, மரத்துப்போனால் கீழ்வயிற்று, கால் அறுவைகளில் கார்டிசோலும் சர்க்கரையும் கிட்டத்தட்ட அசையாது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் கெலெட் பல்லாண்டு பின்தொடர்ந்த விஷயம் அது. செய்தியை வழியிலேயே நிறுத்தும் எபிட்யூரல், அறுவை முடிந்தும் இரண்டு நாள் ஓடும். கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் ஃபென்டனிலால் முடியாதது அதுதான். மேல்வயிற்றில் மட்டும் வேகஸ் வழியாகவும் செய்தி போவதால் அதுவும் முழுதாக அடக்காது. பித்தப்பை இருப்பது மேல்வயிற்றில்.

#15 சிரைவழி_மாணவி

எல்லாவற்றையும் கைடிடம் காட்டிப் பேசினேன். வரைவை மாற்றியிருக்கிறோம்.

கேள்வியே மாறிவிட்டது. எந்த மருந்து நல்லது என்பதற்குப் பதிலாக, அறுவையின்போது கிடைக்கும் அடக்கம் வார்டு வரை நிற்கிறதா என்று கேட்கிறோம். ஃபென்டனிலும் போலஸாக இல்லாமல் போலஸுக்குப் பின் இன்ஃபியூஷனாகவே ஓடும், இல்லையென்றால் மருந்தை ஒப்பிடாமல் கொடுக்கும் முறையை ஒப்பிட்டதாகிவிடும். ரெமிஃபென்டனிலை நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. இரண்டு குழுவுக்கும் முடிவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரே அளவு மார்ஃபின், பாராசிட்டமால், போர்ட் இடங்களில் பியூபிவகெயின். டெக்ஸாமெத்தசோன், எட்டோமிடேட், டிஎன்எஸ் மூன்றும் கிடையாது. மாதிரி: மயக்கத்துக்கு முன், வாயு ஏற்றிய பின், முடிவில், 4 மணி நேரத்தில், மறுநாள் காலை 8 மணிக்கு.

#16 வடகடல்_காற்று

அருமை. ஒரே ஒரு யோசனை: மார்ஃபினை இரண்டு குழுவுக்கும் ஒரே அளவில் கொடுத்தால் ஃபென்டனில் குழுவில் மிச்சமிருக்கும் மருந்தோடு அது சேரும். ரெக்கவரியில் அவர்களின் மூச்சு எண்ணிக்கையையும் தூக்கத்தையும் கட்டாயம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வலி மதிப்பெண்ணை 4 மணி நேர ரத்தம் எடுக்கும் அதே நிமிடத்தில் கேளுங்கள். கார்டிசோல் ஏறியது வலியாலா வேறு எதனாலா என்று பிறகு பிரித்துப் பார்க்க அது ஒன்றுதான் கையிலிருக்கும்.

#17 சோதனைக்குழாய்

எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வந்ததும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் பதிவு செய்வதை இப்போது ஏற்பதில்லை. சீரத்தைப் பிரித்து மைனஸ் 20இல் வைத்து, எல்லா மாதிரியையும் ஒரே கிட்டில் ஓட்டச் சொல்லுங்கள்.

#18 சிரைவழி_மாணவி

சரி மேடம். 4 மணி நேர மாதிரியை வார்டில் யார் எடுப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. சர்ஜரி பிஜியிடம் கேட்டிருக்கிறேன், அவர் இல்லாத நாளில் நானே போய் எடுத்துவிடுவேன்.